ராகம் அமைத்தவரின் பெயரும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ‘இட் இஸ் வெல் வித் மை சோல்’ என்ற ஆங்கிலக் கிறிஸ்தவப் பாட்டு பிறந்த வரலாற்றைப் படித்தேன். 1873 நவம்பரில் ‘வில் து ஆவ்ர்’ கப்பல் அட்லாண்டிக்கில் மூழ்கியதில் நான்கு மகள்களைப் பறிகொடுத்து, அந்தப் பாட்டை எழுதிய ஹொரேஷியோ ஸ்பாஃபோர்டைப் பற்றிக் கட்டுரையாளர் உள்ளம் உருகும்படி எழுதியிருக்கிறார். ஆனால், ஸ்பாஃபோர்டின் வரிகளுக்கு ராகம் (மெட்டு) அமைத்து, மூழ்கிய கப்பலின் பெயரையே அந்த ராகத்துக்கும் சூட்டிய பிலிப் பிளிஸின் பெயர் ஓரிடத்திலும் வராதது எனக்குப் பெரும் வருத்தம் அளித்தது. அந்தப் பாட்டு இத்தனை சபைகளில் நிலைத்ததில் ராகத்துக்குப் பாதிப் பங்காவது உண்டு.

1838-ல் பென்சில்வேனியாவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த பிளிஸ், சிறு வயதிலேயே வீட்டை விட்டுப் புறப்பட்டு, பண்ணைகளிலும் மரம் வெட்டும் முகாம்களிலும் உழைத்தவர். இசை கற்றபின், ஒரு குதிரையையும், காலால் மிதித்து வாசிக்கும் மெலோடியன் என்ற சிறு வாத்தியத்தையும் வைத்துக்கொண்டு, குளிர்காலங்களில் ஊர் ஊராகச் சென்று பாட்டு கற்றுக்கொடுத்தார். பிறகு சிகாகோவில் ஓர் இசைப் பதிப்பகத்தில் சேர்ந்தார். 1869-ல் டி. எல். மூடி என்ற நற்செய்திப் பிரசங்கியாரின் கூட்டம் ஒன்றுக்கு அவர் போயிருந்தபோது, பாட்டை நடத்துபவர் வராததால் சபையார் பாடுவது தொய்ந்துபோயிற்று. கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல் மட்டும் கணீரென்று எழுவதைக் கவனித்த மூடி, அக்குரலுக்குரிய பிளிஸை வாசலில் நிறுத்தி, தம் கூட்டங்களில் வந்து பாடும்படி கேட்டுக்கொண்டார்.

பிளிஸ் பாட்டு எழுதிய விதத்தை நம் இளம் பாடலாசிரியர்கள் அறிந்துகொள்ள வேண்டும். 1864-ல், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, அல்லட்டூனா கோட்டையில் முற்றுகையிடப்பட்ட வீரர்களுக்குத் தொலைவிலிருந்த மலையிலிருந்து கொடிச் சைகையால் நம்பிக்கைச் செய்தி வந்ததை, மேஜர் விட்டில் என்ற பிரசங்கியார் 1870-ல் ஒரு கூட்டத்தில் சொன்னார். அதைக் கேட்ட சூட்டோடு பிளிஸ் எழுதியதுதான் ‘ஹோல்ட் த ஃபோர்ட்’. இப்படிப் பிரசங்கத்தில் கேட்ட ஒரு சம்பவத்தைப் பிடித்துக்கொண்டு, எழுத்தறியாதவரும் ஒருமுறை கேட்டுப் பாடக்கூடிய பல்லவியாக்குவதில் அவருக்கு நிகராக அக்காலத்தில் மிகச் சிலரே இருந்தனர்.

1874-ல், நிலையான வருமானத்தையும் சிகாகோவில் தாம் நடத்திவந்த பாடகர் குழுவையும் விட்டுவிட்டு, விட்டிலுடன் முழுநேர ஊழியத்துக்குப் புறப்பட்டார். அவருடைய பாட்டுப் புத்தகங்கள் பெருமளவில் விற்றபோதும், அந்த உரிமைத்தொகையை ஊழியத்துக்கே கொடுத்துவிட்டார் என்பதை, இரண்டு சிறு பிள்ளைகளுக்குத் தகப்பனாக இருந்த ஒருவரின் செயல் என்று எண்ணிப் பார்க்கும்போதுதான் அதன் கனம் நமக்குப் புரியும்.

1876 டிசம்பர் 29 அன்று, ஒஹாயோவின் அஷ்டபுலா ஆற்றுப் பாலம் பனிப்புயலில் இடிந்து, ரயில் பெட்டிகள் கீழே விழுந்து தீப்பற்றியதில் இறந்த தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களில், முப்பத்தெட்டு வயது பிளிஸும் அவர் மனைவி லூசியும் அடங்குவர். மனைவிக்காக அவர் தீக்குள் திரும்பிப் போனதாகப் பரவலாகச் சொல்வார்கள். ஆயினும் அவரை நினைப்பவர்கள் அந்த ஓர் இரவோடு நின்றுவிடாமல், அவருடைய ஊழிய ஆண்டுகளையும் பேச வேண்டும் என்பது என் விருப்பம்.

இனிப் பாட்டுகளைப் பற்றிக் கட்டுரை வெளியிடும்போது, எழுதியவர் பெயரோடு ராகம் அமைத்தவர் பெயரையும் தவறாமல் அச்சிடும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், நாசரேத்