நீ கொடுத்த செடி இருக்கிறதா என்று கேட்டாயே

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து எட்டு நாளாகிறது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. கட்டுப் பிரித்ததும் ஜன்னல் திரையின் நீலத்தைப் பார்த்து அசந்துபோனேன், இத்தனை வருடம் அதைச் சாம்பல் நிறம் என்றே நினைத்திருந்தேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்தேன். சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள். குனிந்து கனமான எதையும் தூக்காதே.

கடைசிப் பக்கத்து ஓரத்தில் ஒரு கேள்வியைப் பொடி எழுத்தில் எழுதியிருந்தாய்: "நான் வீடு மாறியபோது கொடுத்தேனே, புள்ளி போட்ட ஆரஞ்சு லில்லி, அது இன்னும் இருக்கிறதா? என்னிடம் ஒன்றுகூட மிஞ்சவில்லை." பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு அந்தக் கேள்விதான் காரணம். காய் வெடிக்கட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். நேற்றுக் காலை முதல் காய் வெடித்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீ வேரோடு பெயர்த்துக் கொடுத்த அந்த மூன்று செடிகளும் என் கையில் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. அப்போது உன்னிடம் சொல்ல மனம் வரவில்லை. நீ புது வீட்டில் பெட்டி பிரித்துக்கொண்டிருந்த நேரம் அது. கிழங்கை நான்கு விரல் ஆழத்தில் புதைத்து, தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினேன். இலை நுனி மஞ்சளானது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். ஒரு நாள் காலையில் தொட்டதும் இலைக்கொத்து அப்படியே கையோடு வந்துவிட்டது. அடியில் கிழங்கு கூழாகி அழுகல் நாற்றம் அடித்தது. மற்ற இரண்டும் அடுத்த வாரமே போயின.

ஆனால் நீ செடியோடு ஒரு தீப்பெட்டியும் கொடுத்தாய், நினைவிருக்கிறதா? "இதையும் வைத்துக்கொள்" என்று மட்டும் சொன்னாய். அலமாரியில் கிடந்த அதைத் திறந்து பார்த்தபோது உள்ளே கருகமணி போலப் பதினான்கு விதைகள். எல்லாவற்றையும் ஒரு தொட்டியில் போட்டேன். மூன்று வாரம் ஒன்றுமில்லை. நான்காவது வாரம் ஒரு முளை, ஐந்தாவது வாரம் இரண்டு. ஏழாவது வாரம் முடியும்போது மொத்தம் ஐந்து. அடுத்த வருடம் அந்த ஐந்தும் பூத்தன. இப்போது என் வாசலில் நிற்பவை அந்த ஐந்தின் பேரன் பேத்திகள். ஆக, உன் செடி இருக்கிறது. பல வருடம் வாழும் வகைதான் என்றாலும் இதன் ஒவ்வொரு புதருக்கும் ஆயுள் அதிகம் கிடையாது. சில வருடம் நன்றாகப் பூத்துவிட்டு மெல்லத் தளர்ந்துவிடும். பக்கத்தில் தானாக விழுந்து முளைத்த கன்று அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் விதையை நான் இத்தனை பெரிதாக நினைக்கிறேன்.

இன்னொன்று. இது லில்லி இல்லை. நாம் இருவரும் இத்தனை காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆங்கிலத்திலும் 'பிளாக்பெர்ரி லில்லி', 'லெப்பர்ட் லில்லி' என்றுதான் விற்கிறார்கள். பூவை உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும். லில்லியில் மகரந்தத்தாள் ஆறு, இதில் மூன்றுதான். லில்லியில் சூலகம் பூவுக்குள்ளே இருக்கும். இதில் இதழ்களுக்குக் கீழே, காம்பின் நுனியில் பச்சையாகப் புடைத்திருக்கும். இலையும் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு இலையும் நீளவாக்கில் இரண்டாக மடிந்து, அடியில் அடுத்த இலையைக் கவ்விக்கொண்டு நிற்கும். அதனால்தான் செடி முழுவதும் தட்டையாக ஒரு விசிறியை விரித்த மாதிரி தெரிகிறது. குங்குமப்பூவும் கிளாடியோலஸும் சேர்ந்த ஐரிஸ் குடும்பத்துச் செடி இது.

பெயரின் கதையைச் சொல்லாமல் விட முடியவில்லை. கொச்சியில் டச்சுக் கம்பெனியின் ஆளுநராக இருந்த வான் ரீட், மலபாரின் செடிகொடிகளைப் பற்றி 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கஸ்' என்ற பெரும் நூலைத் தொகுத்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சாயிற்று. அதில் 11ஆம் தொகுதியில் இந்தச் செடியின் படம் இருக்கிறது, 'பெலம்கண்டா சூலார்மணி' என்ற அந்த ஊர்ப் பெயரோடு. 1763இல் அதான்சோன் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் அந்தப் பெயரையே எடுத்து இதற்கு 'பெலம்கண்டா' என்று தனிப் பேரினம் (நெருங்கிய உறவுள்ள செடி இனங்களின் தொகுதி) வகுத்தார். இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை உனக்குச் சொன்னால்தான் புரியும். மலபார்க் கரையில் யாரோ ஒருவர் செடியைக் காட்டிச் சொன்ன பெயர், இருநூறு வருடத்துக்கும் மேலாக உலகத்துத் தாவரவியல் புத்தகங்களிலெல்லாம் நின்றிருக்கிறது!

அதற்கு முன்பே, 1753இல், செடிகளுக்கு இரட்டைச் சொல் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்திய ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் ஒரே நூலில் இதே செடிக்குத் தெரியாமல் இரண்டு பெயர் வைத்துவிட்டார். ஒன்று 'இக்சியா சினென்சிஸ்'. மற்றொன்றை ஆர்க்கிட் என்று நினைத்து 'எபிடெண்ட்ரம் டொமெஸ்டிகம்' என்றார். பிற்பாடு மரபணு ஆய்வில் இது ஐரிஸ் பேரினத்துக்குள்ளேயே அடங்கும் என்று தெரிந்தது. 2005இல் அங்கே மாற்றியபோது 'ஐரிஸ் சினென்சிஸ்' என்ற பெயர் ஏற்கெனவே வேறு செடிக்குப் போயிருந்தது. ஆகவே, தவறாக ஆர்க்கிட் கூட்டத்தில் வைத்த அந்தப் பழைய பெயரிலிருந்து 'ஐரிஸ் டொமெஸ்டிகா' ஆயிற்று. டொமெஸ்டிகா என்றால் வீட்டைச் சேர்ந்தது. எனக்கு அதுவும் பிடித்திருக்கிறது, ஆனாலும் வாயில் வருவது பெலம்கண்டாதான்.

பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். ஒரு பூ ஒரு நாள்தான் இருக்கும் என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. ஒவ்வொரு மொட்டின் காம்பிலும் ஒரு நிற நூலைக் கட்டி, நோட்டில் தேதி குறித்துக்கொண்டாள். சிவப்பு நூல் பூ காலையில் விரிந்தது. ஆறு இதழ், எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, குறுக்கே ஐந்து சென்டிமீட்டர் இருக்கும். ஆரஞ்சில் குங்குமச் சிவப்பாகத் தெளித்த புள்ளிகள். சாயங்காலம் நாற்காலியைப் போட்டு இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். இதழ்கள் முதலில் மேல்நோக்கிக் குவிந்தன. பிறகு, துவைத்த துணியைப் பிழிவதுபோல, ஒன்றோடொன்று சுற்றி முறுக்கிக்கொண்டன. மறுநாள் அது திறக்கவில்லை, பச்சை நூல் பூ திறந்தது. ஒரே தண்டில் மொத்தம் பத்தொன்பது பூக்கள் என்று அவள் நோட்டில் இருக்கிறது. ஒரு நாள் பூ என்று கேட்டால் ஏமாற்றமாக இருக்கும், ஆனால் தண்டு கிளைவிட்டுக் கிளைவிட்டுப் பல வாரம் பூத்துக்கொண்டே இருக்கிறது.

முறுக்கிய இதழ் உதிர்ந்ததும் காய் பேரிக்காய் வடிவில் பருக்கும். இந்த இடத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். பூ முடிந்தது, தண்டு அசிங்கமாக நிற்கிறது என்று வெட்டிவிடுகிறார்கள். உன் வீட்டுச் செடிகளும் அப்படித்தான் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள வருகிறவர் எல்லாவற்றையும் மொட்டையாக வெட்டிவிட்டுப் போகிறார் என்று முன்பு ஒரு தடவை எழுதியிருந்தாயே. தண்டை விட்டுவிட வேண்டும். காய் காய்ந்து மூன்றாகப் பிளக்கும். தோல் பின்பக்கமாகச் சுருண்டு விழுந்துவிடும். நடுத்தண்டில் பளபளவென்று கறுப்பு விதைகள் மட்டும் கொத்தாக ஒட்டிக்கொண்டு நிற்கும். பிளாக்பெர்ரி என்று பெயர் வந்தது அதனால்தான். பழைய ஜப்பானியக் கவிதைகளில் இரவையும் கருங்கூந்தலையும் சொல்வதற்கு முன் இந்த விதையின் பெயரை அடைமொழியாக வைப்பார்களாம். நேற்றுக் காலை வெயிலில் அந்தக் கறுப்பைப் பார்த்தபோது அது பொருத்தமாகவே பட்டது. கொத்து கொத்தாக அறுத்து ஜாடியில் வைத்தால் பல மாதம் அப்படியே இருக்கும்.

எனக்கு உடம்பு சுகம்தான். வலது கைக் கட்டைவிரலில் மட்டும் கொஞ்சம் பிடிப்பு. அதனால் இந்த வருடம் புதர் பிரிக்கும் வேலையைச் சிறிதாக வைத்துக்கொண்டேன். மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு தடவை பிரித்தால் போதும். தோண்டி எடுத்து, ஒரு விசிறிக்குக் கொஞ்சம் கிழங்கும் வேரும் இருக்கும்படி வெட்டி, இலையைக் கத்தரித்துவிட்டு நடுவேன். வெட்டின இடத்தில் கிழங்கு உள்ளே மஞ்சளாக இருக்கும். சீனத்தில் இதைத் தொண்டை வியாதிக்கு மருந்தாக வைத்திருக்கிறார்கள், ஷெகான் என்று பெயர். அதை நம்பி யாரும் வாயில் வைத்துவிடக் கூடாது, ஐரிஸ் கிழங்குகளில் விஷம் உண்டு. உன் நாய் மண்ணைக் கிளறும் என்று எழுதியிருக்கிறாய். தொட்டியை அதற்கு எட்டாத உயரத்தில் வை.

இந்தக் கடிதத்தோடு ஒரு காகித மடிப்பில் முப்பது விதைகள் இருக்கின்றன. நேற்று வெடித்த காய்களிலிருந்து எடுத்தவை. கண் மருத்துவர் மண்ணைத் தொடலாம் என்று சொன்ன பிறகு ஆரம்பி. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவை. தோட்டத்து மண், பருமணல், மக்கிய உரம் மூன்றையும் சமமாகக் கலந்து, தண்ணீர் தேங்காத தொட்டியில் நிரப்பு. அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். மண் ஈரமாக இருக்க வேண்டும், சொதசொதவென்று இருக்கக் கூடாது. முளைக்க மூன்று வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம், சிலது அதற்கும் மேல் எடுத்துக்கொள்ளும். மூன்று மாதம் முடியாமல் மண்ணைக் கொட்டிவிடாதே. நான்கைந்து இலை வந்ததும், நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடத்தில் ஒரு முழம் இடைவெளி விட்டு நடு. கிழங்கு மண்ணுக்குள் ஓர் அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம், அந்தத் தவறை நான் செய்துவிட்டேன். உரத்தை அள்ளிப் போடாதே. இலை தழைத்து, தண்டு நெட்டையாக வளர்ந்து சாய்ந்துவிடும். பூ பெரும்பாலும் இரண்டாவது வருடம்தான் வரும்.

முளை முதலில் ஒற்றை இலையாக, மெல்லிசாக, கத்தி நுனி மாதிரி வரும். புல் என்று யாரும் பிடுங்கிவிடாமல் பார்த்துக்கொள். தொட்டியில் ஒரு குச்சி நட்டு, அதில் சிவப்பு நூல் ஒன்று கட்டி வை. முதல் முளை தெரிந்த அன்றே எனக்கு எழுது.

அன்புடன்,
உன் தோழி