ஆச்சியின் உயிர்வாழ் சான்றும் பக்கத்து வீட்டுப் பையனும்

ஆசிரியருக்கு வணக்கம்.

'அக்கம்பக்கத்தில் கஷ்டப்படுகிறவர்களுக்கு ஏதாவது செய்யணும், எங்கே தொடங்குறதுன்னு தெரியல' என்று எங்கள் தெருப் பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்த ஒரு வேலையைச் சொல்கிறேன். அதற்குச் சங்கம் வேண்டாம், வசூல் வேண்டாம், பேனர் அறவே வேண்டாம். ஓய்வூதியம் வாங்கும் முதியவர்களுக்கு உயிர்வாழ் சான்று, அதாவது உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்று, எடுத்துக் கொடுங்கள். அது இல்லாவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும்.

மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் இதைக் கொடுக்க வேண்டும். 80 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். பி.எஃப். ஓய்வூதியம் வாங்குவோர் எந்த மாதமும் கொடுக்கலாம், ஓராண்டு செல்லும். எங்கள் ஊர்ப் பக்கம் பீடி சுற்றிய பெண்கள் பலர் இந்த வகை. குறைந்தபட்ச ஓய்வூதியமே மாதம் 1,000 ரூபாய்தான். அதைக் காப்பாற்ற ஆட்டோ பிடித்து அலைகிறார்கள். போன இடத்திலும் கைரேகை விழாது. காலமெல்லாம் இலையும் தூளும் உருட்டிய விரலில் ரேகை ஏது? எங்கள் தெரு ஆச்சி ஒருவர் அந்தச் சின்னக் கருவியில் ஒவ்வொரு விரலாக வைத்து, சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து மறுபடியும் வைத்து, கடைசியில் "என் மூஞ்சியப் பாத்தா உயிரோட இருக்க மாதிரி தெரியலையாய்யா?" என்று கேட்டேவிட்டார்.

நியாயமான கேள்வி. முகத்தைக் காட்டியே சான்று பெறும் வசதி 2021 நவம்பரிலேயே வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு போனில் 'ஜீவன் பிரமாண்', 'ஆதார் ஃபேஸ் ஆர்டி' என்ற இரண்டு செயலிகள் வேண்டும். உதவுகிறவர் முதலில் தன் ஆதாரையும் முகத்தையும் கொடுத்துப் பதிந்துகொண்டால், அதே போனில் மற்றவர்களுக்கும் எடுத்துக் கொடுக்கலாம். ஆதார் எண், பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண், ஓ.டி.பி. வர ஒரு மொபைல். வெளிச்சம் முகத்தில் விழும்படி வாசலில் உட்காரவைத்துக் கண்ணைச் சிமிட்டச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் ஆச்சிக்கு இப்படித்தான் எடுத்துக் கொடுத்தான். காசு எதுவும் இல்லை.

ஆனால் போனும் கையுமாகப் போய் முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள். 'ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதே' என்று பெரியவர்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லி வைத்திருக்கிறோம். அவர்கள் சந்தேகப்பட்டால் அது நல்லதுதான். அந்த வீட்டுக்குப் பழக்கமான ஒருவரை, பால்காரரையோ எதிர்வீட்டு அக்காவையோ, கூட்டிக்கொண்டு போங்கள். பாஸ்புக்கைப் படம் எடுக்காதீர்கள். ஏ.டி.எம். கார்டை அவர்களாகவே நீட்டி 'பணம் எடுத்துட்டு வாப்பா' என்றாலும் வாங்காதீர்கள். உதவி செய்ததை செல்ஃபி எடுத்துப் போடும் ஆசையும் வேண்டாம். ஓய்வூதியம் எவ்வளவு என்பது அவரவர் வீட்டு விஷயம்.

இன்னொன்று. ஒரு வேலை செய்து கொடுத்தால் அடுத்த வேலை தானாக வரும். ஆச்சி இப்போது காஸ் பதிவுக்கும் அந்தப் பையனைத்தான் கூப்பிடுகிறார். 'பரீட்சை முடியட்டும் ஆச்சி' என்று நான்தான் குறுக்கே போய்ச் சொன்னேன். எந்த நாள், எத்தனை மணிக்கு வர முடியும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது இரு பக்கத்துக்கும் நல்லது.

வங்கிகளுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த முறையைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, அக்டோபர் பிறக்கும் முன்பே வாசலில் ஒட்டி வையுங்கள்.

– ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
மேலப்பாளையம், திருநெல்வேலி.