நான்கு புள்ளிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் அண்மையில் வரையப்பட்ட சுவரோவியத்தைப் பற்றித் தங்கள் வாசகர்களிடம் சொல்ல வேண்டும் என்று சில வாரங்களாகவே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நல்லிணக்கத்தைக் கொண்டாடும் சுவரோவியங்களைச் சிங்கப்பூரின் பல குடியிருப்புப் பேட்டைகளில் பார்க்கிறோம். வண்ணங்களைக் குறை சொல்ல மாட்டேன். அவற்றில் இருக்கும் தமிழைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எங்கள் சுவரை வரைந்தவர்கள் பெரும்பாலும் இங்கே குடியிருப்பவர்களே. தொண்டூழியர்கள் சிலர் கோடு போட்டுக் கொடுக்க, இரண்டு வார இறுதிகளில் பிள்ளைகளும் பெரியவர்களும் வண்ணம் தீட்டி முடித்தார்கள். புளோக்கில் முன்பு இருந்த மாமா கடையை, அதாவது சிறு மளிகைக் கடையை, அப்படியே கொண்டுவந்திருக்கிறார்கள். தொங்கும் ரொட்டிப் பொட்டலங்கள், வாசலில் அடுக்கிய வெங்காய மூட்டைகள், காசு போட்டு வைக்கக் கப்பியில் ஏறி இறங்கும் மைலோ டின் எல்லாம் இருக்கின்றன. அந்தக் கடையில் கணக்கு எழுதி வைத்து மாதக் கடைசியில் பணம் கொடுத்தவள் நான். முதல் முறை அந்த டின்னைச் சுவரில் பார்த்தபோது கையிலிருந்த மார்க்கெட் பையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

கடைக்கு மேலே நான்கு மொழிகளில் நான்கு சொற்கள். மலாயில் ‘ஜிரான்’, சீனத்திலும் ஆங்கிலத்திலும் அதே பொருள் தரும் சொற்கள். தமிழில் ‘அககமபககம’.

இது என் எழுத்துப் பிழையல்ல, ஆசிரியரே. அப்படித்தான் சுவரில் இருந்தது. ‘அக்கம்பக்கம்’ என்ற சொல்லில் நான்கு புள்ளிகள் உண்டு. நான்கும் இல்லை. என் பேத்தி தொடக்கப்பள்ளி மூன்றில் படிக்கிறாள். அவள் அதை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, “பாட்டி, இது என்ன மொழி?” என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

விசாரித்ததில், யாரும் அலட்சியமாகச் செய்யவில்லை என்று தெரிந்தது. சொல்லைத் தாளில் அச்சிட்டு, அட்டையில் ஒட்டி, எழுத்தின் வடிவத்தை வெட்டி எடுத்திருக்கிறார்கள். வெட்டிய இளையருக்குத் தமிழ் தெரியாது. எழுத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கும் புள்ளிகளை அவர் அச்சு மை சிந்திய கறை என்று எண்ணி விட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சீன எழுத்தில் ஒரு கோடு விடுபட்டிருந்தால் எனக்கு மட்டும் தெரிந்திருக்குமா? அந்தச் சீனச் சொல் சரியாக வந்ததற்குக் காரணம், வரையும்போது அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட அங்கே இல்லை.

இதை எழுதத்தான் கை தயங்குகிறது. எங்கள் புளோக்கில் எனக்குத் தெரிந்தே பல தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. சுவரோவியக் கூட்டத்துக்கு வரச் சொல்லி மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒரு மாதம் அறிவிப்பு ஒட்டியிருந்தது. தினமும் இரண்டு முறை அதைக் கடந்து போனேன். போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாம் யாருமே போகாத கூட்டத்தில் நம் எழுத்தை யார் சரிபார்ப்பார்கள்?

திருத்தியதையும் சொல்லிவிடுகிறேன். வசிப்போர் குழுவினரிடம் சொன்னவுடன் மறுக்காமல் ஒப்புக்கொண்டார்கள். ஏழாவது மாடியில் குடியிருக்கும் சீனப் பெரியவர் ஒருவர், சாயம் பூசும் வேலையில் பல காலம் இருந்தவர், சனிக்கிழமை காலை ஒரு சிறிய டின் வெள்ளைச் சாயத்தோடு கீழே வந்தார். எங்கள் இருவருக்கும் பொதுவானது பழைய சந்தை மலாய்தான். புள்ளிகள் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளி (டாலர்) நாணயத்தை எடுத்தார். அதை முதல் ‘க’வின் தலைக்கு மேல் வைத்து, “சினி?” என்று கேட்டார். இங்கேயா என்று பொருள். “கொஞ்சம் வலப்பக்கம், அங்கிள்” என்று நான் கையைக் காட்டினேன். நாணயத்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, மெல்லிய தூரிகையால் ஓரத்திலிருந்து உள்நோக்கி நிரப்பினார். நான்கு புள்ளிகளுக்கும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவர் அவசரப்படவே இல்லை. கடைசிப் புள்ளியைப் பேத்தி காட்ட, அவர் வைத்தார்.

வேலை முடிந்து நாணயத்தைத் துடைக்கும்போதுதான் அதை நானும் உற்றுப் பார்த்தேன். நாட்டுச் சின்னத்தைச் சுற்றி நான்கு மொழிகளிலும் நாட்டின் பெயர் இருக்கிறது. தமிழில் ‘சிங்கப்பூர்’. அதிலும் மூன்று புள்ளிகள். கண்ணைச் சுருக்கித்தான் பார்க்க வேண்டும், ஆனால் மூன்றும் இருக்கின்றன. விரல்நகம் அளவு உலோகத்தில் நாணயசாலை விட்டுவிடாத புள்ளியை, ஆள் உயரச் சுவரில் நாம் விடலாமா? மலாய், மாண்டரின், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் அதிகாரத்துவ மொழி என்று அரசியலமைப்பின் 153ஏ பிரிவு சொல்கிறது. அந்த நிலையைச் சட்டம் தந்துவிட்டது. எழுத்தைச் சரிபார்த்துக் கொடுக்கும் வேலை நம்முடையது.

கைத்தவறு மட்டும் காரணமல்ல. கணினியில் தமிழைத் தட்டி, அதற்கு ஏற்பில்லாத வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால், எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். ‘கொ’வின் மூன்று துண்டுகளும் இடம் மாறிக் கிடக்கும். தமிழ் அறியாத கண்ணுக்கு எல்லாம் அழகாகவே தெரியும். அச்சிட்ட பதாகை என்றால் ஒரு வாரத்தில் கழற்றிவிடுவார்கள். சுவரோவியம் ஆண்டுக்கணக்கில் நிற்கும், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் தினமும் அதைப் படித்துக்கொண்டே போவார்கள்.

ஏற்பாட்டாளர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. தூரிகையைத் தொடுவதற்கு முன், சுவரில் வரப்போகும் சொற்களை அதே வடிவில் ஒரு தாளில் அச்சிட்டு, மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒரு வாரம் ஒட்டி வையுங்கள். ‘இது சரியா?’ என்று நான்கு மொழியிலும் கேளுங்கள். வரைந்து முடித்த பிறகு திருத்துவதைவிட அது எவ்வளவோ எளிது. 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்பில் இருக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளில் பல மொழி பேசுவோர் கலந்தே வாழ்கிறார்கள். தமிழ் படிக்கத் தெரிந்தவரைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அடுத்த கதவைத் தட்டினாலே கிடைக்கலாம்.

தமிழ்க் குடும்பங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிழையைக் கண்டால் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பி வருத்தப்படுகிறோம். நானும் முதலில் அதைத்தான் செய்தேன். அந்தப் படம் என் உறவினர்கள் எல்லாரையும் சுற்றி வந்தது, சுவரில் ஒரு புள்ளியும் ஏறவில்லை. கீழே இறங்கிப் போய்ச் சொன்ன பிறகுதான் சாயம் வந்தது.

பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் படிக்கட்டுச் சுவரிலும் வரையப் போகிறார்களாம். கூட்டம் வரும் சனிக்கிழமை மாலை. எதிர்வீட்டுத் தம்பதியிடமும் ஐந்தாவது மாடி ஆசிரியையிடமும் சொல்லிவிட்டேன். மூவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பேத்தியும் வருகிறாள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
சிங்கப்பூர்