கீழ பாய்லர் ரூம்ல நின்னவங்களப் பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

டிசம்பர் 4 கடற்படை தினம் வந்தா கராச்சிய ஏவுகணைப் படகு வச்சு அடிச்ச கதைய வருஷா வருஷம் போடுறீங்க, நானும் விடாம படிக்கிறேன், பெருமையாதான் இருக்கு, ஆனா எங்கப்பா மாதிரி ஆளுங்க அதுல எங்கயுமே வர்றதில்ல, அதுக்குதான் இந்த லெட்டர்.

அப்பா 1971 போர்ல விக்ராந்த் கப்பல்ல பாய்லர் ரூம்ல இருந்தவரு. கப்பல ஓட்டுற நீராவியத் தர்ற பாய்லர் அதுல மொத்தம் 4, ஒண்ணு விரிசல் விட்டுப்போச்சு, மிச்சம் 3 பாய்லர வச்சே போருக்குப் போனாங்க. விமானந்தாங்கிக் கப்பல்ல வேகம் கொறஞ்சா போய்ச் சேர லேட்டாகும்ங்கறதோட முடியாது சார், எதிர்காத்து பத்தாம விமானம் கெளம்புறதே கஷ்டம். அத உந்தித் தள்ளுற கேட்டபுல்ட்டும் நீராவியிலதான் ஓடும். இன்னைக்கு பங்களாதேஷ்ல இருக்கற காக்ஸ் பஜார்லயும் சிட்டகாங்லயும் சீ ஹாக் விமானங்க குண்டு போட்டுச்சுன்னு எழுதுறீங்களே, அதையெல்லாம் மேல தூக்கி விட்டது கீழ வேர்வையில நனைஞ்சு நின்ன பசங்களோட ஸ்டீம்தான். போர் நடந்தப்போ அப்பா கடலக்கூட சரியா பாக்கலையாம். மேல தடார்னு சத்தம் வந்தா ஒண்ணு போயிடுச்சுன்னு எண்ணிக்குவாங்களாம், திரும்பி எறங்குற சத்தம் கேக்குற வரைக்கும் யாரும் பேசிக்க மாட்டாங்களாம்.

டிசம்பர் 9 ராத்திரி டையூ பக்கத்துல பாகிஸ்தான் நீர்மூழ்கி அடிச்சு நம்ம போர்க்கப்பல் குக்ரி மூழ்குனப்போ 18 அதிகாரிங்க, 176 மாலுமிங்க போய்ட்டாங்க. கேப்டன் முல்லா கப்பல விட்டு வராம அதோடயே போனாரு, அவர நெனச்சா எனக்கும் நெஞ்சு அடைக்கும். அப்பா மட்டும் அந்தப் பேச்ச எடுத்தாலே "கீழ இருந்த பசங்களுக்கு ஏணி ஏற நேரம் கெடச்சிருக்குமாடா"ன்னு கேப்பாரு. விக்ராந்தத் தேடி வந்த பாகிஸ்தான் நீர்மூழ்கி காஜி விசாகப்பட்டினம் பக்கத்துல மூழ்குனதச் சொன்னாகூட சிரிக்க மாட்டாரு, "அதுலயும் எஞ்சின் ரூம்ல ஆளு இருந்திருப்பான்ல"ன்னுவாரு.

1997ல விக்ராந்துக்கு ரிட்டயர்மென்ட் குடுத்து, மும்பைல மியூசியமா வச்சிருந்து, 2014ல ஒடைக்கக் குடுத்துட்டாங்க. அந்த இரும்ப உருக்கிச் சேத்து பஜாஜ் வி பைக் வந்துச்சுல்ல, சொந்தக்காரப் பையன் ஒண்ணு வாங்கிட்டு வந்தப்போ அப்பா டேங்க் மேல கைய வச்சுட்டு ரொம்ப நேரம் நின்னாரு, ஒண்ணும் பேசல.

அவரு போய் ரெண்டு வருஷம் ஆச்சு. உக்காந்து கேட்டு எழுதி வைக்கணும்னு எனக்குத் தோணாமப் போச்சு, மேல எழுதுனதத் தவிர எங்கிட்ட பெருசா ஒண்ணும் மிச்சமில்ல. அந்தப் போர்ல 20 வயசுல இருந்தவங்களே இப்ப 70 தாண்டிட்டாங்க சார். இந்த டிசம்பருக்குள்ள ஒரு ரிப்போர்ட்டர அனுப்புங்க, பாய்லர் ரூம் ஆளு, சமையல்காரர், சிக்னல் பாத்தவருன்னு தேடிப் போய் பேச விட்டு அவங்க சொல்ற மாதிரியே போடுங்க. அப்பா டைரியில அவர்கூட இருந்த ரெண்டு மூணு பேர் நம்பர் இருக்கு, வர்றதா இருந்தா சொல்லுங்க, நானே போன் பண்ணி பேசி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாலுமியோட மகன்