முன் அடுக்கில் ஏன் சின்ன இதழ்கள்?

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படும் அடுக்கில் இப்போது பெரிய நிறுவனங்களின் பத்திரிகைகள் இல்லை, அவை உள்ளே தள்ளிப் போய்விட்டன, முன்னால் இருப்பவை விளம்பரமே வாங்காத சின்ன இதழ்கள். "இவ்வளவு மெலிசா இருக்கு, விலை மட்டும் ஏன் அதிகம்?" என்று பலரும் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

பெரிய நாளிதழை எழுதி, அச்சடித்து உங்கள் கையில் சேர்க்க ஆகும் செலவு பெரும்பாலும் நீங்கள் கொடுக்கும் விலையில் அடங்காது. மிச்சத்தை விளம்பரதாரர்கள் தருகிறார்கள். முழுப்பக்க விளம்பரம் தரும் கம்பெனியின் ஆலைக் கழிவைப் பற்றி அதே நாளிதழ் எத்தனை தடவை எழுதும் என்று யோசித்துப் பாருங்கள். சின்ன இதழ்களுக்கு அந்தப் பணம் கிடையாது, அதனால்தான் முழுச் செலவும் வாசகர் தலையில் விழுகிறது.

வாசகரை மட்டும் நம்பி நடத்த முடியுமா என்றால், முடியும். 1949இல் அமெரிக்காவின் பெர்க்லியில் கேபிஎஃப்ஏ என்ற வானொலி விளம்பரம் இல்லாமல் நேயர்களின் சந்தாவை நம்பித் தொடங்கியது. அடுத்த ஆண்டே பணமில்லாமல் நின்றும் போனது, நேயர்கள் பணம் திரட்டி 1951இல் மறுபடி ஒலிக்க வைத்தார்கள்.

"எல்லாம்தான் ஃபேஸ்புக்கில் வருகிறதே" என்பவர்களுக்கு: கனடாவில் பெரிய இணைய நிறுவனங்கள் செய்திக்காக ஊடகங்களுக்குப் பணம் கொடுக்கச் சொல்லி ஒரு சட்டம் வந்ததும், 2023 ஆகஸ்டில் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் அங்கே ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்திகளையே நிறுத்திவிட்டது. அந்த வழியாகவே வாசகரை எட்டிக்கொண்டிருந்த சிறு ஊடகங்கள் என்ன செய்யும்? சந்தாதாரரின் முகவரி கையில் இருந்தால் அப்படி ஒரே நாளில் யாரும் தொடர்பை அறுத்துவிட முடியாது.

சரி, பெரிய நிறுவனம் இல்லை என்பதாலேயே ஒன்றை நம்பிவிட முடியாது. வதந்தி விற்பவர்களும் தங்களை மாற்று ஊடகம் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். எழுதியவர் பெயர் இருக்கிறதா, பணம் எங்கிருந்து வருகிறது என்று வெளிப்படையாகச் சொல்கிறார்களா என்றெல்லாம் பார்த்துத்தான் அடுக்குகிறோம், அதைவிட முக்கியமாக, தப்பாக எழுதிவிட்டால் திருத்தம் போடுகிறார்களா என்று பார்க்கிறோம். திருத்தமே போடாத இதழ்களைக் கேட்டு வந்தால் இங்கே கிடைக்காது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். ஒரு இதழ் பிடித்துப்போனால் இங்கே தனிப்பிரதி வாங்குவதைவிட ஆண்டுச் சந்தா கட்டுங்கள். எங்கள் விற்பனை கொஞ்சம் குறையும், பரவாயில்லை. சந்தா முன்கூட்டியே வந்தால்தான் அவர்களால் அடுத்த இதழுக்குக் காகிதம் வாங்க முடியும். படிவங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கின்றன, நிரப்பித் தந்தால் பணத்தோடு நாங்களே அனுப்பிவிடுகிறோம், கமிஷன் எடுப்பதில்லை.