கடல் புழுவுக்கும் ஒரு பக்கம் குடுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

கடல் பத்தி எழுதும்போதெல்லாம் திமிங்கலம், டால்பின், பவளம்னு அதோட நின்னுடுறீங்க, பாலிகீட்னு சொல்ற கடல் புழுக்கள் பத்தி ஒரு வரி கூட வர மாட்டேங்குது. 10,000 இனத்துக்கு மேல இருக்குங்க! உடம்பு வளையம் வளையமா இருக்கும், ஒவ்வொரு வளையத்துலயும் ரெண்டு பக்கமும் துடுப்பு மாதிரி சின்னதா ஒரு சதை, அதுலேர்ந்து கைட்டின்ல (பூச்சி ஓட்டுல இருக்குற கெட்டியான பொருள்) ஆன முடி கத்தையா நீட்டிட்டு நிக்கும், ஊர்றது நீந்துறது எல்லாம் அத வச்சுத்தான், நிறைய இனத்துல மூச்சு விடுறதும் அந்தத் துடுப்பு வழியாத்தான்.

முன்னாடி அலைஞ்சு திரியுறது ஒரு கூட்டம், குழாய்க்குள்ளயே உக்காந்திருக்குறது ஒரு கூட்டம்னு பிரிச்சு வச்சிருந்தாங்க. டிஎன்ஏ பாக்க ஆரம்பிச்சப்புறம் எல்லாமே மாறிப்போச்சு, மண்புழு, அட்டை ரெண்டுமே இந்தக் கடல் புழுக்களோட குடும்ப மரத்துலேர்ந்து கிளைச்சதுதான்னு தெரிஞ்சது. இன்னும் பல பாடப்புத்தகத்துல மூணையும் தனித்தனி வகுப்பாத்தான் போடுறாங்க, அதான் வருத்தம்.

ஓசிடாக்ஸ்னு ஒரு பாலிகீட் புழு இருக்கு, 2002ல அமெரிக்காவோட கலிபோர்னியா பக்கத்துல இருக்குற மான்டரி வளைகுடா ஆழத்துல செத்த திமிங்கல எலும்பு மேல கண்டுபிடிச்சாங்க. வாயும் கிடையாது குடலும் கிடையாது, வேர்களை எலும்புக்குள்ள இறக்கி, உள்ள இருக்குற பாக்டீரியா உதவியோட சாப்பிடுது. ஆண் புழு ரொம்ப ரொம்பப் பொடிசு, பெண்ணோட குழாய்க்குள்ளயே கூட்டமா குடியிருக்கு.

ஞாயிறு இணைப்புல படத்தோட ஒரு முழுப்பக்கம் இதுக்கு ஒதுக்குங்க சார், பசங்க கண்டிப்பா படிப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்