மாமாவை யார் பிடிப்பது?

ஆசிரியருக்கு,

பெடியள் ஐஸ், மாவா, கஞ்சா என்று போதைப்பொருளால் கெட்டுப்போகிறார்கள் எனப் பொலிஸையும் பள்ளிக்கூடத்தையும் திட்டுகிறோம், சரி, திட்டலாம், வீட்டுக்குள் நடப்பதை யார் கேட்பது? சாமத்திய வீட்டில் (பூப்புனித நீராட்டு விழாவில்) பின்வளவில் கதிரை போட்டுப் பெரியவர்கள் குடிக்க, சோடா வாங்கவும் மிக்ஸர் தட்டு நீட்டவும் ஓடுவது பதின்நாலு வயதுப் பிள்ளை, வெளிநாட்டிலிருந்து வந்த மாமா 'இனிப் பெரிய ஆளல்லோ' என்று ஒரு மூடி ஊற்றிக் கொடுக்க, தகப்பன் சிரிக்கிறார். இலங்கையின் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுவோ சிகரெட்டோ விற்கக்கூடாது. கடைக்காரனைப் பிடிக்கலாம், மாமாவை?

குடும்பத்தில் குடிநோய் இருந்தால் பிள்ளைக்கும் ஆபத்துக் கூட, பரம்பரையும் ஒரு காரணம்; சிறுவயதில் தொடங்கினால் அடிமையாகும் வாய்ப்பு இன்னும் கூட. எல்லாரும் சேட்டைக்குத் தொடங்குவதுமில்லை. ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) பெறுபேறு பிழைத்துவிட்டது, வீட்டில் நெடுகச் சண்டை, நித்திரையில்லை, சொல்ல ஆளில்லை, கூட்டாளியின் பொக்கற்றில் மாவா இருக்கிறது. (பிள்ளையின் கைக்கு நேராக வரும் வெளிநாட்டுக் காசுக்கும் கணக்குக் கேளுங்கள், உறவுகள் கோபித்தாலும் பரவாயில்லை.)

பிடிபட்டதும் பெல்ட்டைத் தூக்காமல் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், ஊருக்குத் தெரிந்துவிடும் என்று மறைத்த வீடுகளில்தான் நிலைமை முற்றிப்போனதைப் பார்க்கிறேன்.

வாசகர் ஒருவர்,
கோண்டாவில்.